ஒரு மணித்தியாலம் முந்தித் தொடங்கிய ஆட்டம்

தம்பி,

கலியாணம் முடிந்து நீயும் மதுராவும் சார்செல் வீட்டுக்குப் போன பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை இது. அப்பா கட்டிலில் சாய்ந்தபடி மண்டபத்தில் மிஞ்சிய பலகாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறார். நான் தொலைக்காட்சியில் பேஸ்போலைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, மேசையில் இருந்து உனக்கு எழுதுகிறேன். மனம் எவ்வளவு இலேசாக இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டாய். இரண்டு வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட நான் நிம்மதியாகக் கழித்ததில்லை. கலியாணத்துக்கு முன்னால் நீ என்னை விடாமல் கேட்டாய், "அம்மா, அண்டைக்குத் திரான்சியிலை மாமி வீட்டை என்ன நடந்தது? அவ எப்பிடி ஓமெண்டவ?" என்று. நான் ஒவ்வொரு முறையும் பிறகு சொல்கிறேன் என்று தட்டிக் கழித்தேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று உன் மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கலியாண வீட்டில் கை கழுவுகிற இடத்தில் வைத்து அவரே, "இனிச் சொல்லுங்கோ தங்கச்சி. எழுதினாலும் எழுதுங்கோ, நாலு சனம் வாசிச்சுச் சிரிக்கட்டும்" என்று அந்த வாக்கில் இருந்து என்னை விடுவித்தார். அதனால் நாலு சனம் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். ஆனால் பேஸ்போலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது. பொறுமையாக வாசி. நீ மறுமொழியைப் பிரெஞ்சில் அனுப்புவாய் என்று தெரியும், அனுப்பு, பரவாயில்லை.

இந்த ஆட்டத்தை நீ வீட்டுக்குள் கொண்டுவந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். உனக்குப் பதினான்கு வயது. அந்த வருடம் பாரிசில், லா சப்பல் பக்கத்தில், எந்தத் தமிழ் வீட்டிலும் தொலைக்காட்சியைப் போடவே பயம். வைகாசியில் ஊரில் சண்டை அப்படி முடிந்த பிறகு, செய்தி தொடங்கினால் அப்பா எழும்பிச் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் அதை நிறுத்தவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். கிரிக்கெட்டையும் தள்ளி வைத்துவிட்டோம். அந்தச் சட்டையில் எழுதியிருந்த நாட்டின் பெயரை அப்போது எங்களால் பார்க்க முடியவில்லை. நீ உன் வகுப்புப் பெடியன் ஒருவனிடம் கேட்டு வந்து, கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, எங்கேயோ அமெரிக்காவில் வெயிலில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆட்டத்தைப் போட்டாய். "என்னடா இது?" என்று கேட்டேன். "அம்மா, இதிலை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. சும்மா பாக்கலாம்" என்றாய். சொல்லிவிட்டு நீ பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்த பெரிய மனிதர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கும் தோன்றாத வழி உனக்குத் தோன்றியது. அன்று உன்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை, நீ உடுப்பை நிலத்தில் போடுகிறவனாக இருந்தாலும்.

ஆட்டம் விளங்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எல்லே ஆடினவள். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடித் திரும்பி வருகிற ஆட்டம்தானே அதுவும். இதில் காலுக்கு நல்ல சப்பாத்தும் கைக்குச் சம்பளமும் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவுக்குத்தான் கடைசிவரை பிடிபடவில்லை. நாள் முழுக்க ரெஸ்ரோறண்ட் குசினியில் நின்று வேலை செய்துவிட்டு வருகிற மனிதர், "நிண்டு நிண்டு துப்புறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கேட்டுவிட்டு அப்படியே நித்திரையாகிவிடுவார். உன் மாமாவும் சித்தியும் ரொறொன்ரோவில் இருப்பதால் நாங்கள் அந்த ஊர் அணியைப் பிடித்துக்கொண்டோம். தொலைபேசியில் அவர்களோடு அழாமல் கதைக்க எங்களுக்கு ஒரு விசயம் கிடைத்தது.

பிறகு நான் உன்னைவிடப் பெரிய ரசிகையாகிவிட்டேன். ரசிகை என்றால் கைதட்டுகிறவள் மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கிறவள். ஊக்கமருந்து ஏற்றி, மலை மாதிரி உடம்போடு வந்து பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினவர்களைப் பெரிய ஆட்டக்காரரின் படம் கொளுவுகிற புகழ் மண்டபத்துக்குள் விடலாமா என்று நீயும் நானும் எத்தனை ஞாயிறு சண்டை பிடித்தோம். நீ ஒரேயடியாகக் கூடாது என்றாய். நான் சொன்னேன், விடட்டும், ஆனால் படத்துக்குக் கீழே இவர் ஊசி போட்டவர் என்று ஒரு வரி எழுதிக் கொளுவட்டும் என்று. அவர்கள் அடித்த அடிக்கு அன்றைக்கு எழும்பி நின்று விசிலடித்தவர்கள் இன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. பந்தெறிபவன் இழுத்தடிக்காமல் இருக்க மணிக்கூடு வைத்தபோது நீ ஆட்டம் செத்துப்போய்விட்டது என்று துக்கம் கொண்டாடினாய். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. தொப்பியைத் திருத்தி, கையை நக்கி, வானத்தைப் பார்த்து அவன் பந்து எறிவதற்குள் எனக்கு அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிடும். ஆனால் ஆட்டம் சமநிலையில் இழுபட்டால், ஒன்றுமே செய்யாத ஒருவனைக் கொண்டுபோய், பாதி வழி ஓடினவன் மாதிரி, இரண்டாம் தளத்தில் சும்மா நிறுத்தி வைக்கிற அந்தப் புதுச் சட்டத்தை நான் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் குப்பைத்தொட்டி விவகாரம் உனக்கு ஞாபகம் இருக்கும். எதிரணியில் பந்து பிடிப்பவர் தன் பந்தெறிபவனுக்கு விரலால் காட்டும் சைகையைக் கமெராவில் பார்த்து, அடுத்து வரப்போவது எந்த மாதிரிப் பந்து என்று குப்பைத்தொட்டியில் தட்டித் தங்கள் ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஓர் அணி. கிண்ணத்தையும் வென்றது. பிடிபட்ட பிறகும் கிண்ணம் அவர்களிடமே இருந்தது, ஆடினவன் ஒருவனுக்குக்கூடத் தண்டனை இல்லை. அந்தக் கிழமை முழுக்க நான் வேலையிடத்தில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். ரூ லூயி-பிளாங் தெருவில் விமானச் சீட்டு விற்கிற பெண் அப்படி எரிந்து விழுந்தால் முதலாளிக்குத் தாங்குமா? "என்ன பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, களவு" என்றேன். "ஐயையோ, என்ன களவு போட்டுது?" என்றார். "கிண்ணம்" என்றேன். அந்த மனிதர் எங்கள் வீட்டில் வெள்ளிக் கிண்ணம் களவு போய்விட்டது என்று தன் மனைவிக்கும் சொல்லி, அவர் எனக்கு ஆறுதல் சொல்லத் தொலைபேசி எடுத்தார்.

ஆனால் நாங்கள் இருவரும் உண்மையாக முரண்பட்டது நடுவர்கள் விசயத்தில்தான். நீ பேஸ்போலைக் கொண்டுவந்த மறு வருடம் அது நடந்தது. ஒருவன் எதிரணியில் ஒருத்தரையும் முதல் தளத்துக்கே வரவிடாமல் கடைசி ஆள்வரை எறிந்து முடித்துவிட்டான். ஒரு பந்தெறிபவனுக்குப் பிறவியில் ஒரு தடவை கிடைக்கிற பேறு. அந்தக் கடைசி ஆளும் ஆட்டமிழந்தது உலகத்துக்கே தெரிந்தது, பக்கத்தில் நின்ற நடுவருக்கு மட்டும் தெரியவில்லை. இல்லை, அவன் தளத்தைத் தொட்டுவிட்டான் என்று கையை விரித்தார். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு அந்த நடுவர் குழந்தை மாதிரி அழுதார். பேற்றைப் பறிகொடுத்த பெடியன் மறுநாள் சிரித்த முகத்தோடு வந்து அவருக்குக் கை கொடுத்தான். நீ சோபாவில் ஏறி நின்று, இயந்திரம் வைத்திருந்தால் ஒருவரும் அழத் தேவையில்லை என்று கத்தினாய். நான், நடுவர் சொன்னால் சொன்னதுதான், பிழைத்தால் பிழைத்ததாக இருக்கட்டும், அந்தச் சிரிப்பை எந்த இயந்திரம் தரும் என்று கேட்டேன். சில வருடத்தில் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பை மாற்றும் முறை வந்தபோதும் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தேன். தீர்ப்பு ஒன்று மாற்றப்படுவதற்காக ஒரு நாள் நானே திரான்சிவரை போய் நிற்பேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன்னுடைய சாதகக் கதைக்கு வருகிறேன். மதுராவை நீ வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு அதைவிடப் பிடித்துவிட்டது, அவள் இரண்டாம் தரம் சோறு கேட்டாள் அல்லவா. ஆனால் அவளுடைய அம்மா சாதகம் கேட்டார், நாங்கள் கொடுத்தோம், திரும்பி வந்தது. உனக்கு லக்கினத்திலிருந்து நாலாம் இடத்தில் செவ்வாய். செவ்வாய்க் குற்றம் இருக்கிற மாப்பிள்ளையை, அது இல்லாத பெண்ணுக்குக் கட்டினால் இருவரில் ஒருவர் உயிருக்கு ஆகாது என்பார்கள். தொலைபேசியில் அவர் என்னோடு மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார். "பெடியன் தங்கமான பெடியன். ஒரு குறையும் சொல்லமாட்டன். ஆனா செவ்வாய் விசயத்திலை என்னாலை ஏலாது தங்கச்சி, என்னை மன்னியுங்கோ." நீ "நம்போர்த் குவா!" என்று, சுத்த விசர்க்கதை என்று, பிரெஞ்சில் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாய். உனக்கு அது வெறும் அபத்தம். மதுராவுக்கும் நம்பிக்கை இல்லைதான். ஆனால் தகப்பன் இல்லாமல் வளர்த்த தாயின் ஒரு சொல்லைத் தாண்டி வந்து தாலி கட்டிக்கொள்ள அவளால் முடியவில்லை. அதற்காக நீ அவளோடு கோபித்ததும் எனக்குத் தெரியும். நான் கோபிக்கவில்லை.

நான் சாதகத்தை நம்புகிறவளா என்று நீ கேட்டாய், அப்போது நான் மறுமொழி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பேஸ்போலில் பந்து சரியான இடத்தால் போனதா என்று பார்க்க, அடிப்பவனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை, காற்றில் இருக்கிறது. ஆனாலும் அது இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் ஆட்டம் நடக்கிறது. சாதகக் கட்டமும் எனக்கு அப்படித்தான். இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதே. எங்கள் ஆட்கள் அதை வைத்துத்தான் ஆடுகிறார்கள், ஆட வந்தவள் நான் கட்டமே இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

இரண்டு வருடம் அப்படியே போனது. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதைக் குறைத்தாய், பிறகு நிறுத்தினாய். மொன்றியலில் வேலை கிடைத்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னாய். சீட்டை என்னிடமே போடச் சொன்னாய், சித்திரையில் போக ஒரு வழிச் சீட்டு. எத்தனையோ தாய்மாருடைய பிள்ளைகளுக்கு ஒரு வழிச் சீட்டுப் போட்டு, நல்லபடியாகப் போய்ச் சேருங்கோ என்று சிரித்துக்கொண்டு கொடுத்தவள் நான். உன் பெயரைத் தட்டும்போது விரல் ஓடவில்லை. நீ போவது வேலைக்காக இல்லை, மதுரா இருக்கிற ஊரில் இருக்க முடியாமல் போகிறாய் என்று எனக்குத் தெரியும். வெறுத்துப் போகிற பிள்ளை திரும்பி வருவது கஷ்டம். அந்தச் சீட்டைப் போட்ட நாளில் இருந்து நான் உன்னை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பங்குனி மாதம். பேஸ்போல் பருவம் தொடங்க முன்னால் பயிற்சி ஆட்டங்கள் நடக்கும் அல்லவா, ஒரு ஞாயிறு நான் வழமைபோல ஏழு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டேன். ஆட்டம் ஏற்கெனவே நாலாவது இன்னிங்ஸில் நிற்கிறது. ஒருவன் தன் தலைக்கவசத்தைத் தட்டி, நடுவரின் தீர்ப்பு பிழை, இயந்திரத்தைக் கேளுங்கள் என்கிறான். அது புதுப் பரிசோதனையாம். எனக்கு இரட்டைக் கோபம், இயந்திரத்தின்மேல் ஒன்று, நேரத்தை மாற்றிவிட்டுச் சொல்லாமல் விட்டவர்கள்மேல் ஒன்று. பிறகுதான் நினைவு வந்தது. அமெரிக்காவில் கோடை நேரத்துக்கு மணிக்கூட்டை மாற்றுவது எங்களுக்கு இரண்டு மூன்று கிழமை முந்தி. அந்த இடைவெளியில் ஆட்டங்கள் இங்கே ஒரு மணித்தியாலம் முந்தித் தொடங்கும். ஒவ்வொரு பங்குனியும் நீதான், "அம்மா, இந்தக் கிழமை ஆறு மணிக்கு" என்று ஞாபகப்படுத்துவாய். இந்த வருடம் சொல்ல நீ இல்லை. வேலையில் எனக்கு இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும், நான் தலையைப் பாவிப்பதில்லை. அழுகை வந்தது. ஆட்டத்தைப் பார்த்தபடி அழுதுகொண்டே, இந்தக் கோடை நேரம் ஒரு கரைச்சல், எந்த நேரமும் ஆரையாவது குழப்பும் என்று திட்டினேன். திட்டிய வாய் அப்படியே நின்றுவிட்டது.

நீ பிறந்தது இங்கே பாரிசில், ஆடி மாதம், தம்பி. நல்ல கோடை.

அப்பாவை உலுக்கி எழுப்பினேன். "இவன் பிறந்தவுடனை சாதகம் எழுத யாழ்ப்பாணத்துக்கு எத்தினை மணியெண்டு சொன்னனீங்கள்?" அவர் ஏதோ வீடு எரிகிறது என்று நினைத்து எழும்பினார். "ஆஸ்பத்திரி மணிக்கூட்டிலை இருந்ததைத்தான் சொன்னனான். விடியப்புறம் அஞ்சரை. ஏன், இப்ப ஆர் கேக்கிறது?" "கோடை நேரமெண்டு சொன்னனீங்களோ?" அப்பா என்னைப் பார்த்தார். "கோடையெண்டு ஏன் சொல்ல வேணும்? ஆடி மாசமெண்டு ஊரிலை இருக்கிறவைக்குத் தெரியும்தானே" என்றார். அவருடைய நியாயமும் நியாயம்தான். அவர் உன் பெரியப்பாவிடம் சொன்னார், பெரியப்பா சாதகம் எழுதுகிற சாத்திரியாரிடம் சொன்னார், சாத்திரியார் பாரிஸ் என்றால் நாலரை மணித்தியாலம் பிந்தி என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். மாரிக்கு, இங்கத்தைய குளிர்காலத்துக்கு, அந்தக் கணக்கு சரி. கோடையில் பிரான்ஸ் தன் மணிக்கூட்டைப் பிடித்து முன்னால் தள்ளிவிடும், மூன்றரைதான் வித்தியாசம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீ பிறந்து ஒரு மணித்தியாலம் கழித்துப் பிறந்த ஏதோ ஒரு பிள்ளைக்குத்தான் அவர் சாதகம் எழுதியிருக்கிறார். முப்பது வருடமாக அதை நாங்கள் உன்னுடையது என்று சாமித் தட்டில் வைத்திருந்தோம்.

யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய சாத்திரியார் இப்போது இல்லை, அவருடைய மகன்தான் பார்க்கிறார். "என்ன, அங்கை மணிக்கூட்டை மாத்துறவையோ? ஆர் மாத்துறது?" என்றார். அரசாங்கம் என்றேன். "சூரியனைக் கேட்டோ மாத்துறாங்கள்?" என்று சிரித்துவிட்டு, திரும்பக் கணித்தார். லக்கினம் ஒரு கட்டம் பின்னுக்குப் போனது. செவ்வாய் நின்ற இடத்திலேயே நின்றது, ஆனால் நாலாம் இடம் இல்லை, ஐந்தாம் இடம். குற்றம் இல்லை. உனக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவையும் சொல்ல விடவில்லை. சும்மா ஆசை காட்டி உன்னை இன்னொரு முறை விழுத்த எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு திரான்சிக்குப் போனேன்.

உன் மாமியார் தேத்தண்ணி வைத்துத் தந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். முகம் மாறவில்லை. "தங்கச்சி, கோவிக்காதையுங்கோ. செவ்வாய் இருக்கெண்டு நான் வேண்டாமெண்ட பிறகு, செவ்வாய் இல்லாத சாதகத்தோடை வாறியள். இஞ்சை எத்தினை பேர் கள்ளச் சாதகம் எழுதுவிக்கினமெண்டு உங்களுக்குத் தெரியாதே?" எனக்குச் சுரீரென்றது. கோபத்தில் எழும்பிவிட்டேன். அவர் கையைப் பிடித்து இருத்தினார். "இருங்கோ. உங்களைச் சொல்லேல்லை. என்னைச் சொல்லுறன். எனக்கும் செவ்வாய். கலியாணம் சரிவரேல்லையெண்டு என்ர ஐயா சாதகத்தை மாத்தி எழுதுவிச்சவர். மதுராவின்ர அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாள் நெஞ்சு நோகுதெண்டார், பிறகு ஒண்டுமில்லையெண்டு வேலைக்குப் போனார். பின்னேரம் ஆஸ்பத்திரியிலை இருந்து போன் எடுத்தவங்கள், ஆள் முடிஞ்சுதெண்டு. செத்தவீட்டு எட்டாம் நாள் செலவு முடியமுன்னம் இவரின்ர ஆக்கள் எப்பிடியோ அதை அறிஞ்சு என்ர முகத்துக்கு நேரை சொன்னவை, செவ்வாய்க்காரி புருசனைத் திண்டிட்டாளெண்டு."

அதுவரைக்கும் நான் அவரை ஒரு பிடிவாதக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பயந்துபோன மனிசி, அவ்வளவுதான். செவ்வாய் ஆரின் சாதகத்தில் நின்றாலும் பழி பெண்ணுக்குத்தான், அதைத் தன் மகளும் சுமக்கக்கூடாது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பேச்சை மாற்றுவதற்காக, "மதுரா எப்ப பிறந்தவள் அக்கா?" என்று கேட்டேன். தை மாதம் என்றார். "அப்ப அவளின்ர சாதகம் சரி. மாரியிலை மணிக்கூடு மாத்திறேல்லை" என்றேன். சொல்லிவிட்டு, யோசிக்காமல், "அவளின்ர அண்ணன், மூத்தவர்?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் "ஆவணி" என்றார். சொன்னவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன், அவருக்கும் யாழ்ப்பாணத்தில்தான் எழுதினீர்களா என்று. "ஓம்." இங்கத்தைய நேரம் சொல்லி? "ஓம்." கோடை நேரம் என்று சொன்னீர்களா? "அதை ஆர் நினைச்சது!" உன் மச்சானுடைய கலியாணம் எப்படி நடந்தது என்று லா சப்பல் முழுக்கத் தெரியும். எத்தனையோ பெண்களின் சாதகத்தைத் தள்ளி, கடைசியில் எல்லாப் பொருத்தமும் அமைந்த ஒன்று வந்துவிட்டது என்று கோயிலில் அர்ச்சனை செய்து கட்டி வைத்த கலியாணம் அது. "அக்கா, உங்கட மூத்தவரும் ஆரோ ஒருத்தற்ற சாதகத்தோடைதான் கலியாணம் கட்டியிருக்கிறார்" என்றேன். அவர் சுவரில் இருந்த பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பை நீ கண்டிருக்க வேண்டும். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். "அவன்ர சாதகத்தைத் திரும்பக் கணிப்பிக்க வேண்டாம், தங்கச்சி. ஒருத்தருக்கும் சொல்லவும் வேண்டாம். அவன் சந்தோசமா இருக்கிறான், அப்பிடியே இருக்கட்டும்" என்றார். பேஸ்போலிலும் தீர்ப்பைத் திருப்பிப் பார்க்கக் கேட்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது, அது தாண்டினால் நடந்தது நடந்ததுதான் என்று நான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

சிரிப்பு அடங்க, உன்னுடைய புதுச் சாதகத்தை எடுத்து மடியில் வைத்தார். விரித்துப் பார்க்கவில்லை. "செவ்வாய் எங்கை நிண்டாலும் நிக்கட்டும்" என்றார். "எனக்கு ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. என்ர பிள்ளை என்னைப்போலை தனிச்சுப் போகமாட்டாள்தானே?"

மாட்டாள் அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாததைத் தெரியும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. "அது எனக்குத் தெரியாது அக்கா. சாத்திரியாருக்கும் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுவன். அப்பிடி ஒரு நாள் வந்தா, முதல் ஆளா நான் அவளுக்குப் பக்கத்திலை நிப்பன். செவ்வாயெண்டு அவளின்ர முகத்துக்கு நேரை ஒரு சனம் ஒரு சொல்லுச் சொல்ல விடமாட்டன். என்ர பிள்ளையைப் பறிகுடுத்திட்டு நிண்டாலும் விடமாட்டன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உன்னுடைய சாவைப் பற்றி, தம்பி, உன்னைப் பெற்ற நான் அந்த வீட்டில் இருந்து கதைத்திருக்கிறேன்.

அவர் மடியில் இருந்த சாதகத்தை ஒரு தரம் தடவினார். பிறகு, "எனக்கு அப்பிடிச் சொல்ல அண்டைக்கு ஒருத்தரும் இல்லை" என்றார். சாதகத்தை அப்படியே மடித்தபடி என் கையில் திருப்பித் தந்தார். "ஓம் தங்கச்சி. செய்வம்."

இதுதான் நடந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்று உனக்குத் தொலைபேசி எடுத்து, "ஓமெண்டிட்டா, சீட்டை நிப்பாட்டுறன்" என்று மட்டும் சொன்னேன். இப்போது கலியாணமும் முடிந்து, நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் இருக்கிறீர்கள், நான் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். ஆனால் நான் கொடுத்த வாக்கு ஒன்று திரான்சியில் இருக்கிறது. என் வாழ்நாளில் அதை நான் நிறைவேற்ற வேண்டி வரக்கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. அதனால் கலியாணம் கட்டிய மகனுக்கு நான் சொல்லும் புத்தி இவ்வளவுதான். சிகரெட்டை விடு. காரில் பெல்ட்டைப் போடு. நெஞ்சு நொந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லாமல், அந்த நிமிடமே மதுராவிடம் சொல்லு. நீண்ட காலம் இரு, ராசா. அவள் உன்னோடு சண்டை பிடித்துப் பிடித்துக் கிழவியாகட்டும்.

அம்மா